மனையளவில் ஒரு வரலாறு

ஊர் வரலாறு எழுதுவோர் நில விதிகளைப் புரட்டுவதில்லை என்பதே நமது குறை. நியூ ஜெர்சியின் புறநகரான மவுண்ட் லாரலை எடுத்துக்கொள்வோம். ஏழைகள் வரலாகாது என்று அங்கே யாரும் சட்டம் இயற்றவில்லை. பெரிய மனைகளில், பெரும்பாலும் தனி வீடுகளுக்கே அனுமதி என்ற விதி போதுமானதாயிருந்தது. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலேயே வீடு எட்டாக்கனியாயிற்று. எத்தல் லாரன்ஸ் முதலானோர் 1971இல் வழக்குத் தொடுத்தனர். எளியோருக்கும் இடமளிப்பது ஊரின் கடமை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது; 1983இல் மீண்டும் வலியுறுத்த நேர்ந்தது. அவர் 1994இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பில் குடும்பங்கள் குடியேறத் தொடங்கியது 2000இல்தான். தீர்ப்புக்கும் கூரைக்கும் இடையிலான அந்த 25 ஆண்டுகளையே மவுண்ட் லாரலின் மெய்யான வரலாறு என்போம்.