லோபாமுத்திரைக்கும் வழக்கமில்லையா?

அகத்தியர்கூடம் ஏறச் சீட்டு எழுதித் தருபவர்களுக்கு,

திருவனந்தபுரம் கரமனையிலிருந்து எழுதுகிறேன். 1996 தை மாதம் என் கணவரும் கொழுந்தனும் மலைக்குக் கிளம்பியபோது நானும் வந்து சீட்டுக் கேட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது. நாள் முழுக்க நடந்தாலும் கால் சலிக்காது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமலே, "பெண்களுக்கு வழக்கமில்லை" என்றார். சட்டமில்லை என்றுகூடச் சொல்லவில்லை. வழக்கமில்லையாம்.

மூன்றாம் நாள் திரும்பிய கணவர் ஒரு வாரம் ஓயவில்லை. போணக்காட்டிலிருந்து காட்டு நடை, அதிருமலை முகாமில் கஞ்சி, பொங்கலப்பாறை, கடைசி ஏற்றத்தில் கயிற்றைப் பிடித்துத் தொற்றியது, 1,868 மீட்டர் உயரத்தில் ஆளைத் தள்ளும் காற்று. எனக்கென்று வழியில் கடந்த ஆற்றின் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்திருந்தார். கரமனையாறு! எங்கள் அக்கிரகாரத்தை ஒட்டி ஓடுகிற அதே ஆறுதான். அது இறங்கி வரலாம், நான் ஏறிப் போகக் கூடாது.

காரணம் கேட்டால், முனிவர் பிரம்மச்சாரி என்பார்கள். யார், அகத்தியரா? லோபாமுத்திரையின் வீட்டுக்காரர்! தவம் தவம் என்று இருந்த மனிதரிடம் அவள் அலுத்துக்கொள்வது ரிக் வேதத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அவர்களுக்கு அவர் குலமூத்தவர், மனத்தாங்கல் உண்மையானது. 2019இல் பெண்கள் ஏறியபோது எதிர்ப்பைக் காட்டினார்களே தவிர, வழிமறிக்கவில்லை. ஆரோக்கியபச்சை மூலிகையை உலகத்துக்குக் காட்டிய சனம் அது. புராணம் தெரிந்தும் வாய் திறக்காத படித்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பெண்களைத் தடுக்கக் கூடாதென்று 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி திறந்தது. அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறிய செய்தியைப் படித்த அன்று வீட்டில் பால் பாயசம் வைத்தேன். ஆனால் அதற்குள் என் மூட்டு தேய்ந்துவிட்டது. உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் டாக்டர் சிரிக்கிறார்.

சலுகை எதுவும் வேண்டாம். டோலியும் வேண்டாம். என் குறை வேறு. இந்த வருஷம் மருமகளுக்குச் சீட்டுக் கிடைத்தது. புறப்படும் முன் கேட்டாள்: "அத்தை, இவ்வளவு ஆசை வெச்சிருக்கீங்களே, அப்பவே போயிருக்கலாமில்ல?" கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை, நான் சோம்பலை மறைப்பதாக நினைத்தாள். அவள் கையிலிருந்த விதிமுறைத் தாளை வாங்கிப் பார்த்தேன். மது, பிளாஸ்டிக், சான்றிதழ் என்று எல்லாம் இருந்தது. எங்களைத் திருப்பி அனுப்பியது மட்டும் இல்லை.

அதைப் பற்றி ஒரு வரி எழுதி வையுங்கள். தாளில் முடியாவிட்டால், வழியில் நீங்கள் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையில் எழுதலாம். மருமகள் படம் எடுத்து அனுப்பினாள். கீழே இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கரமனைக்காரி