ஈரான் பட்டியலில் இல்லையாம்!

என் வீட்டுக்காரரை ஈரானுக்கு மீன்பிடிக்க அனுப்புவதற்காக என் தாலிக்கொடியும் மகளின் வளையலும் அடகுக்கடைக்குப் போய், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயாக ஒருவன் பைக்குள் நுழைந்தன. அவனுக்கு லைசென்ஸ் கிடையாது, அலுவலகம் கிடையாது. வாங்கின காசுக்கு ரசீதும் தரமாட்டான். பக்கத்து ஊர்க்காரன், மாதா சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறவன். "ஈரான்ல நல்ல பங்கு அக்கா, ரெண்டு சீசன் போனா வீடு கட்டிரலாம்" என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

பதிவு பெற்ற ஏஜென்ட்கூட ஓர் ஆளிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர எதையும் வாங்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. சரி, பதிவே இல்லாதவன் ஆள் அனுப்பினால்? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் அவனுக்கு வைத்திருப்பது அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அதிகபட்சம் 2,000 ரூபாய் அபராதம். இரண்டாயிரம் ரூபாய்! ஆலந்தலைக் கரையில் ஏலம் போகிற ஒரு நல்ல சீலா மீன் அதைவிட விலை. நாற்பது வருடத்துக்கு முன்னால் எழுதிய தொகையைத் திருத்துவதற்குக்கூட இந்த நாட்டில் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. 2021-ல் ஒரு மசோதா வரைவு வந்தது. 2025-ல் இன்னொரு வரைவு வந்தது. எங்கள் ஆயுசு வரைவிலேயே போகிறது.

புகார் கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, "காசு கொடுத்ததுக்கு ஆதாரம் இருக்காம்மா?" அடகுச்சீட்டை எடுத்து நீட்டினேன். "இது நீ நகை வச்சதுக்கு ஆதாரம். அவன் வாங்குனதுக்கு எங்க?" என்று சிரித்தார்கள். அவன் இன்றைக்கும் பைக்கில் எங்கள் தெருவழியே போகிறான், ஹாரன் அடித்துக்கொண்டு.

என் வீட்டுக்காரர் பத்தாம் வகுப்பு தேறவில்லை. ஆனால் கொண்டல் எந்த நாழிகையில் கச்சானாகத் திரும்பும் என்று பாயில் படுத்தபடியே சொல்வார். திருச்செந்தூர்க் கோபுரத்தையும் கரையில் நிற்கிற பனைகளையும் வைத்துக் கணியம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கடலடிப் பாரின் மேல் படகை நிறுத்துவார். நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த ஆழத்துக்கு எந்தக் கண்ணி வலை, நடுக்கடலில் எஞ்சின் நின்றால் எதைக் கழற்றி எதை மாட்டுவது, எல்லாம் பதினான்கு வயதிலிருந்து கடலில் படித்தது. இதற்கு எந்தக் கல்லூரியும் சான்றிதழ் தருவதில்லை. அதனால் அரசாங்கத் தாளில் அவர் தொழில்திறன் இல்லாத கூலி. அவர் பாஸ்போர்ட் ஈசிஆர் பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவர்கள் வேலைக்கு வெளிநாடு போவதானால் அரசு சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று பொருள்.

நல்ல ஏற்பாடுதானே என்று நானும் நினைத்தேன். சரிபார்த்து அனுப்பினால், வேலை ஒப்பந்தமும் முதலாளி பெயரும் சம்பளமும் அரசின் இ-மைக்ரேட் கணினியில் ஏறும். பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்று ஒரு காப்பீடு உண்டு. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். இதெல்லாம் 18 நாடுகளுக்குக் கட்டாயம். சவூதி உண்டு, குவைத் உண்டு, கத்தார் உண்டு, பஹ்ரைன் உண்டு. சண்டை ஓயாத ஏமனும் சிரியாவும்கூட உண்டு.

ஈரான் இல்லை.

இதை நான் தெரிந்துகொண்டது, அவர் அங்கே மாட்டிக்கொண்ட பிறகு. மனுவோடு ஏறிய ஓர் அலுவலகத்தில், தலையை நிமிர்த்தாமலே ஒருவர் சொன்னார்: "ஈரான் லிஸ்ட்லயே இல்லம்மா. அவரு போன விவரமே எங்ககிட்ட இருக்காது."

எப்படி ஐயா இருக்காது? இந்த நாட்டு விமான நிலையத்தில், இந்த நாட்டு அதிகாரிதானே இந்த நாட்டு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அவரை அனுப்பினார்? இடிந்தகரையிலிருந்தும் எங்கள் ஊர்களிலிருந்தும் குமரிக் கரையிலிருந்தும் எத்தனை வருடமாக மீனவர்கள் ஈரானுக்குப் போகிறார்கள் என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும், பங்குச் சாமியாருக்குத் தெரியும், எங்கள் காசை வாங்குகிற ஏஜென்ட்டுக்குத் தெரியும். பட்டியல் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி?

என் வீட்டுக்காரர் அங்கே வைத்திருந்த குயர் நோட்டு என்னிடம் இருக்கிறது. அட்டை உப்புத் தண்ணீரில் ஊறி உப்பியிருக்கிறது. உள்ளே கோடு போட்டு எழுதியிருக்கிறார். தேதி, பெட்டிக் கணக்கு, விலை, பிறகு கழிவு. டீசல் கழிவு, ஐஸ் கழிவு, அரிசி பருப்புக் கழிவு, வலை கிழிந்தால் அதுவும் கழிவு. இத்தனையும் போக மிஞ்சியதில் முதலாளி தன் பாதியை எடுத்துக்கொள்வார். மற்ற பாதியைப் படகில் உள்ள அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறைக்கு நடுவே, "எஞ்சின் வேலை. இந்த மாசம் பங்கு இல்லை." அடுத்த பக்கத்தில், "சீசன் முடிஞ்சு மொத்தமா தாரேன்னு சொன்னார்." அதற்கு அடுத்தும் அதே வரி. நாள் சம்பளம் கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் பட்டினி. பாஸ்போர்ட் முதலாளி வீட்டுப் பெட்டியில். பாரசீக மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று படகில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. எல்லையைத் தாண்டிப் போ என்று முதலாளி சொன்னால் போகத்தான் வேண்டும். பிடிபட்டால் உள்ளே போகிறவன் எங்கள் ஆள். 2024 செப்டம்பரில் ஈரான் முதலாளிக்காகத் தொழிலுக்குப் போன நெல்லை மாவட்ட மீனவர் 28 பேரைப் பஹ்ரைன் கடலோரக் காவல்படை பிடித்தது. ஆறு மாதத் தண்டனை, பிறகு மூன்றாகக் குறைந்தது. டிசம்பரில் ஊர் திரும்பினார்கள். அந்த மூன்று மாதம் அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியும் என்பதால்.

2020 பிப்ரவரிக் கடைசியில் ஈரானில் கொரோனா பரவியது. விமானம் நின்றது. கீஷ் தீவிலும் சிருயேயிலும் பந்தர் அப்பாஸ் பக்கமும் நம் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் படகிலும் சிறு அறைகளிலும் முடங்கினார்கள். முதலாளி ரேஷனை நிறுத்திவிட்டார். "தண்ணிதான் கஷ்டமா இருக்கு, நீ பிள்ளைகள்ட்ட சொல்லாத" என்று என் வீட்டுக்காரர் இரவில் குரல் பதிவு அனுப்புவார். நான் அதைப் போர்வைக்குள் வைத்துக் கேட்பேன்.

ஜூலை 1 அன்று கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா, பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரோடு தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. பெரும்பாலும் எங்கள் கடற்கரை ஆட்கள். அவரும் அதில் வந்தார். கப்பல் அனுப்பியவர்களுக்கும் கப்பலில் சோறு போட்ட மாலுமிகளுக்கும் நான் சாகும்வரை நன்றி சொல்வேன். ஆனால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இறங்கியதிலிருந்து வீடு வந்து சேரும்வரை, காய்ச்சல் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். பாக்கி எவ்வளவு, எந்த முதலாளி தர வேண்டும் என்று ஒருவர் கேட்கவில்லை. ஏழு மாதப் பங்கு. அது அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. நகை ஏலத்துக்குப் போய்விட்டது.

"இங்க கடல் இல்லையா, ஏன் அங்க போனீங்க?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் ஒருநாள் திரேஸ்புரம் கரைக்கு வந்து நிற்கட்டும். என் தாத்தா முத்துக் குளித்தவர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மேலே கயிறு பிடிப்பது மச்சினன். தங்கையைக் கட்டிக்கொடுத்தவன் கயிற்றை நழுவ விடமாட்டான் என்று அவ்வளவு கணக்கு அந்தத் தொழிலில் இருந்தது. 1961-ஓடு அரசின் முத்துக்குளிப்பு நின்றது. 1973-ல் வேப்பலோடையில் நம் விஞ்ஞானிகள் சிப்பியை வளர்த்தே முத்து எடுத்துக் காட்டினார்கள். பெருமைதான். அந்த முத்தால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கும் வேலை வரவில்லை. என் அப்பா சங்கு குளித்தார். காது போனது, அவ்வளவுதான் மிச்சம். இன்றைக்கு எல்லைக்கோட்டுப் பக்கம் போனால் இலங்கைக் கடற்படை. 2024 ஆகஸ்டில் தருவைகுளம் மீனவர் 22 பேரைப் படகோடு கொண்டுபோனார்கள். கரையோரம் இருந்தாலோ வலையில் குப்பைதான் ஏறுகிறது.

நூறு வருடத்துக்குச் சற்று முன்னால், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபு முத்துக்குளிகாரர்கள் கப்பலேறி மன்னார் வளைகுடாவுக்கு வந்தார்கள். இலங்கைக் கரையில் மறிச்சுக்கட்டியில் பந்தல் போட்டு, எங்கள் ஆட்களும் அவர்களும் ஒரே பாரில் இறங்கினார்கள். குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி. அன்றைக்கு ஆண்ட வெள்ளைக்காரன் எங்களுக்கு நல்லவன் இல்லை, அதிலே எனக்கு மயக்கமே கிடையாது. ஆனால் உள்ளூர்க்காரனோ அரபியோ, குளித்தவன் பங்கு அன்றன்றைக்கு எண்ணி அவன் கையில் வந்தது. சீசன் முடியட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

என் தம்பி புன்னைக்காயலிலிருந்து சரக்குக் கப்பலுக்குப் போகிறவன். அவனுக்கு சிடிசி என்கிற கப்பல் பணியாளர் ஆவணம் உண்டு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவனுக்குப் பொருந்தும். 2006-ல் வந்த அதை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்கு அவனிடம் காசு கேட்கக் கூடாது. முதலாளி கப்பலோடு கைவிட்டுப் போனால், நான்கு மாதம்வரை சம்பள பாக்கியைக் காப்பீட்டுக்காரர் தர வேண்டும். அப்படி இருந்தும் 2024-ல் உலகம் முழுக்க 3,133 கப்பல் தொழிலாளர்கள் கைவிடப்பட்டார்கள், அதில் 899 பேர் இந்தியர்கள் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொன்னது. அவர்களுக்காவது எண்ணிச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறது. மீன்பிடிப் படகில் போகிறவனுக்கு அந்த உடன்படிக்கை செல்லாதாம். மீன்பிடித் தொழிலாளருக்கென்று 2007-ல் தனியாக 188-ஆம் உடன்படிக்கை வந்தது. அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஒரே குடும்பத்து ஆட்கள், ஒரே கடல். தம்பிக்குச் சட்டம் உண்டு, என் வீட்டுக்காரருக்கு இல்லை.

2025 செப்டம்பரில் அமெரிக்கா எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. அன்றைக்கு டிவியைப் போட்டால் அதுதான், பேப்பரைப் பிரித்தால் அதுதான். மந்திரிகள் பேசினார்கள், நிபுணர்கள் பேசினார்கள். கணினி படித்த பிள்ளைகள் பாவம், அவர்கள் கலங்கியது நியாயம். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூனில், ஈரானில் குண்டு விழுந்தபோது தென்கரையில் நின்ற எங்கள் மீனவர்கள் வீடியோவில் கும்பிட்டுக் கெஞ்சினார்கள். அவர்களுக்காக எத்தனை இரவு விவாதம் நடந்தது? கம்ப்யூட்டர் பிடிக்கிற கைக்கும் வலை பிடிக்கிற கைக்கும் நாட்டின் துடிப்பில் இத்தனை வித்தியாசமா? அவர்கள் அனுப்பும் டாலரும் எங்கள் ஆட்கள் அனுப்பும் காசும் இதே வங்கிகளுக்குத்தானே வருகிறது?

இப்போது என் மூத்தவன் பன்னிரண்டாவது. அதே ஏஜென்ட் போன மாதம் அவனை வழியில் நிறுத்தியிருக்கிறான். "தம்பி, இப்ப யூரோப் விசா வருது, ஸ்கில்டு விசா. அப்பாவுக்கு நடந்த மாதிரி ஆகாது." என் பிள்ளை வீட்டில் வந்து சொல்லும்போது அவன் கண்ணில் ஆசை தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அடிவயிறு கலங்கிப்போனது. ஒரு குடும்பத்தை உறிஞ்சிக் குடித்தவன் இரண்டாம் தலைமுறைக்கும் கை நீட்டுகிறான் என்றால், அந்தத் துணிச்சலை அவனுக்குக் கொடுத்தது அந்த 2,000 ரூபாய் அபராதம்தானே?

எங்களுக்கு நிவாரண அரிசி வேண்டாம். ஈரானைப் பட்டியலில் சேருங்கள். சேர்க்க முடியாதென்றால், ஏன் முடியாது என்று ஆலந்தலைக்கும் பெரியதாழைக்கும் மணப்பாட்டுக்கும் வந்து பெண்கள் முன்னால் சொல்லுங்கள். பங்குக்குப் போகிறவனுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொடுங்கள், அவன் படிக்கிற மொழியில். அந்த நகல் ஒன்று அவன் வீட்டில் இருக்கட்டும்.

என் வீட்டுக்காரரின் ஏழு மாதப் பங்கு இன்னும் பாக்கி. அந்த முதலாளி இருக்கிறார், படகும் இருக்கிறது. படகின் எண் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. டெஹ்ரானில் நம் தூதரகம் இருக்கிறது. எந்த அலுவலகம், எந்த அறை, எந்த நாற்காலி என்று மட்டும் சொல்லுங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நோட்டோடு வருகிறேன்.