மறைத்துச் செய்யும் மணம்

என் மாணவி ஒருத்திக்குச் சம்பந்தம் பேசுகின்றனர். சிறுபிராயந்தொட்டு நீரிழிவுடையவள், நாடோறும் இன்சுலின் ஊசி ஏற்றி வருபவள். "மாப்பிள்ளை பகுதியார் விசாரித்தால் இதனை மாத்திரம் வெளியிடாதீர்கள், பண்டிதர் ஐயா" என அவள் தந்தையார் வேண்டினார். பெற்ற மனத்தின் அச்சத்தை யான் இகழேன். ஆயினும் உடன்பட இயலவில்லை.

ஆங்கிலப் புலவர் கீற்ஸ் 1820ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரத்தங் கக்கினார். மருத்துவம் பயின்ற அவருக்குக் கசரோகத்தின் முடிவு தெரிந்திருந்தது. தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நங்கைக்கு, விரும்பின் நீங்கலாமென எழுதினார். அவள் நீங்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் உரோமாபுரியில் மறைந்தார், மணம் நிகழவில்லை. ஆயினும் உண்மையறிந்தும் நிலைத்த அவ்வன்பைக் குறையென்பார் யார்?

அன்று கசத்துக்கு மருந்தில்லை. நீரிழிவுக்கோ 1922ஆம் ஆண்டு தொட்டு இன்சுலின் உண்டு. ஊசியும் உணவும் ஒழுங்காகப் பேணுவோர் இல்லறம் நடத்துகின்றனர், மகப்பேறும் எய்துகின்றனர். ஆனால், மறைத்துப் புகுந்த வீட்டில் மருமகள் ஊசியையும் மறைக்கவேண்டும். சர்க்கரை குறைந்து அவள் நடுங்கி வியர்க்கும்பொழுது, உடனே இனிப்புக் கொடுக்க அறிந்தவர் அங்கு எவருமிலர். மறைப்பு மானத்தைக் காப்பதன்று. உயிருக்கு ஊறு செய்வது.

அறிந்தபின் விலகுவோர் விலகுக. கேட்டதை ஊரெங்கும் பரப்பாதிருப்பின் அதுவே அவர் பண்பு. அறிந்தும் வருபவனே துணைவன். மாணவியை வினாவினேன். "நானே சொல்லுவன், ஐயா" என்றாள். பெற்றோரே, அவள் வாய்க்குப் பூட்டிடாதீர்!