தலைமை ஆராய்ச்சி யாருக்காக?

நிர்வாகக் கல்லூரிகளில் இன்று "தலைமை" என்பது ஒரு தனிப் பாடம். மானேஜர் எப்படிப் பேச வேண்டும், எப்போது தட்டிக்கொடுக்க வேண்டும், தொழிலாளியின் மனத்தை எவ்வாறு அறிய வேண்டும் என்றெல்லாம் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்துவிட்டன. ஒரு கட்டுரையை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அதைக்கொண்டே அதன் செல்வாக்கை அளக்கிறார்கள். செல்வாக்கு இருக்கிறது, சரி. உண்மையும் இருக்கிறதா? இந்தத் துறையின் அஸ்திவாரக் கற்களில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரை ஒட்டிய சிசரோவில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை இருந்தது. டெலிபோன் சாதனங்கள் செய்யும் ஆலை. அங்கே 1924 முதல் 1932 வரை பல பரிசோதனைகள் நடந்தன. அவற்றுள் மிகவும் பேர்பெற்றது 1927-ல் ஆரம்பமாயிற்று. பெண் தொழிலாளர்கள் ஐந்து பேரைத் தனி அறையில் உட்காரவைத்து, "ரிலே" என்ற சிறு கருவியைக் கோக்கச் சொன்னார்கள். சுமார் 35 உறுப்புகளைப் பொருத்தி, ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒன்று வீதம் முடிக்க வேண்டிய வேலை. இடையில் ஓய்வு கொடுத்தார்கள், சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், பிறகு இந்தச் சலுகைகளைத் திரும்ப எடுத்தும் பார்த்தார்கள். உற்பத்தி சுமார் 30 சதவிகிதம் உயர்ந்தது.

காரணம் என்ன? ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த எல்டன் மேயோவும் அவருடைய சகாக்களும் தந்த விடை இதுதான்: கூலி முக்கியக் காரணமல்ல, மேலதிகாரி காட்டிய பரிவும் அந்தப் பெண்களிடையே வளர்ந்த ஒற்றுமையுமே காரணம். ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939-ல் வெளியிட்ட பெரிய புத்தகம் இந்த விடையை உலகெங்கும் கொண்டுபோயிற்று. அதன் பேரில் "மனித உறவுகள்" என்ற ஒரு கொள்கையே எழுந்தது. கூலியை உயர்த்தாமலே உற்பத்தியை உயர்த்தலாம் என்றால் எந்த முதலாளிக்குத்தான் காதில் தேன் பாயாது? மேயோவின் ஹார்வர்ட் ஆராய்ச்சிக்கு ராக்பெல்லர் பணம் உதவியது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

அந்த அறைக்குள் நடந்ததைச் சற்றுப் பார்ப்போம். 1928 ஜனவரியில் ஐந்து பேரில் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். அதிகமாகப் பேசினார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர்களுடைய இடத்தில் வேகமாக வேலை செய்யும் இருவர் கொண்டுவரப்பட்டார்கள், உற்பத்தியும் ஏறியது. பரிவான மேற்பார்வையாம்! கூலி விஷயமும் உண்டு. அதுவரை சுமார் நூறு பேரின் மொத்த உற்பத்தியைக் கணக்கிட்டுக் கூலி கொடுத்தார்கள். தனி அறையிலோ அந்த ஐந்து பேரின் உற்பத்தியைப் பொறுத்தே அவர்களுடைய கூலி அமைந்தது. கூடுதலாக உழைத்தால் கூடுதல் காசு கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சரிபார்ப்பதற்காக வேறு ஐந்து பேருக்குக் கூலி முறையை மட்டும் இப்படி மாற்றினார்கள். அவர்களுடைய உற்பத்தி சுமார் 12 சதவிகிதம் உயர்ந்தது. பழைய முறைக்குத் திருப்பியதும் விழுந்துவிட்டது.

ஆராய்ச்சியாளர்கள் இவற்றை மறைத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுடைய அறிக்கைகளிலேயே இவை இருக்கின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அலெக்ஸ் கேரி 1967-ல் இந்த விவரங்களை எடுத்து வரிசையாக வைத்து, இவை காட்டுவது பரிவின் மகிமையை அல்ல, கூலியின் வலிமையையும் கண்டிப்பின் கையையுமே என்று எழுதினார். ஆக, பல வருஷங்களாக மேற்கோள் காட்டி வந்தவர்கள் முடிவுரையை எடுத்தார்கள், விவரத்தை விட்டார்கள்.

நம் கண்ணுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே ஆலையில் 1931-32-ல் ஆண் தொழிலாளர்கள் 14 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி. ஒரு நாளுக்கு இவ்வளவு வேலைதான் என்று அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். மீறி வேகம் காட்டியவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும்! சோம்பியிருந்தவனையும் விடவில்லை, மேலதிகாரியிடம் கோள் சொல்பவனையும் மன்னிக்கவில்லை. இதைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத ஒரு குழு உணர்ச்சி என்று பண்டிதர்கள் விளக்கினார்கள். ஆனால் அந்தத் தொழிலாளிகள் சொன்ன காரணம் நம் ஊர் மில் தொழிலாளிக்கு உடனே புரியும்: அதிகமாகச் செய்தால் ரேட்டை வெட்டுவார்கள், ஆளைக் குறைப்பார்கள். அது பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த காலம். 1932-ல் வேலை இல்லாமல் போனதால் அந்த அறையே மூடப்பட்டது. பகுத்தறிவு யாரிடம் இருந்தது?

1928-க்கும் 1930-க்கும் இடையே சுமார் 21,000 தொழிலாளர்களிடம் பேட்டி கண்டதாகவும் புத்தகம் சொல்லுகிறது. ஆனால் 600 பக்கங்களில் தொழிற்சங்கம் என்ற பேச்சு அபூர்வமாகவே வருகிறது. 1940-ல் மேரி கில்சன் என்ற அமெரிக்க அறிஞர் தம் மதிப்புரையில் இதைச் சுட்டிக்காட்டினார். 1933 முதல் 1936 வரை அந்தக் கம்பெனி தொழிலாளர்களை வேவு பார்ப்பதற்கு 25,000 டாலருக்கு மேல் செலவழித்திருந்தது. அமெரிக்க செனட்டின் லா ஃபாலெட் கமிட்டி இதை வெளிக்கொணர்ந்தது. மனம் விட்டுப் பேசு என்று ஒரு பக்கம், ஒட்டுக்கேட்க ஆள் மறுபக்கம்!

ஆரம்பத்தில் நடந்த விளக்கு வெளிச்சப் பரிசோதனையின் கதியும் இதுதான். வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும், தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே தொழிலாளர்கள் அதிகம் உழைத்தார்கள் என்பது பாடப்புத்தகக் கதை. தொலைந்துபோயிற்று என்று கருதப்பட்ட அந்தக் கணக்குகளைத் தேடியெடுத்து, லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2011-ல் வெளியிட்டார்கள். விளக்கை மாற்றியது ஞாயிற்றுக்கிழமைகளில். மறுநாள் உற்பத்தி கூடியது. ஆனால் விளக்கை மாற்றாத வாரங்களிலும் திங்கட்கிழமை கூடத்தான் செய்தது.

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொடங்கப்பட்ட இந்திய மேலாண்மைக் கழகங்கள் அமெரிக்கக் கல்லூரிகளின் துணையோடுதான் எழுந்தன. ஆமதாபாதுக்குத் துணை நின்றது மேயோ பணிபுரிந்த அதே ஹார்வர்ட் வணிகப் பள்ளிதான். இன்று நாடெங்கும் உள்ள நிர்வாகக் கல்லூரிகளில் ஹாதார்ன் பாடமாக இருக்கிறது. இங்கே படித்து வெளிவரும் இளைஞர்கள்தான் நாளைக்குக் கூலி உயர்வு கேட்டு வரும் சங்கத் தலைவர்களின் எதிரே மேஜைக்கு அந்தப்புறம் உட்காருகிறார்கள். கூலிக் கோரிக்கையை மனக்குறை என்றும், சங்கத்தைத் தலைமையின் குறைபாடு என்றும் எண்ணும்படி அவர்கள் பழக்கப்பட்டால் நஷ்டம் யாருக்கு?

பாடத்திலிருந்து ஹாதார்னை நீக்கச் சொல்லவில்லை. கில்சனின் மதிப்புரையையும் கேரியின் கட்டுரையையும் அதனுடன் சேர்த்து வைக்க வேண்டும். பரீட்சையில் மேயோவின் முடிவை மட்டும் கேட்காமல், வெளியேற்றப்பட்ட அந்த இரண்டு பெண்களைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.