பழைய மின்சார காருக்குப் பேட்டரி சான்று வேண்டும்

ஆழ்வார்திருநகரியில் என் மைத்துனர் பழைய மின்சார கார் பார்க்கிறார். விற்பவர் டிஸ்ப்ளேயைக் காட்டி, "சார்ஜ் நூறு இருக்கு, பாருங்க அண்ணாச்சி" என்கிறார். அது இன்றைக்கு ஏற்றிய சார்ஜ். பேட்டரியின் ஆரோக்கியம் வேறு. புதிதில் 40 யூனிட் பிடித்த பேட்டரி இப்போது 32 யூனிட்தான் பிடிக்கிறது என்றால் ஆரோக்கியம் 80 சதவீதம். டிஸ்ப்ளே அப்போதும் நூறு என்றே காட்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் சிறு கருவியைச் செருகினால், பல கார்களில் இந்த ஆரோக்கியம் முதல் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜ் வரை செல்போனில் தெரியும். வெப்பம் பேட்டரியைத் தேய்க்கும் என்பதால், நம் வெயிலில் ஓடிய வண்டிக்கு இந்தச் சோதனை அவசியம்.

பக்கத்துத் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலையே திறந்தாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் மின்சார கார் பேட்டரிக்கு, அதன் விவரங்கள் அடங்கிய டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்குகிறது. இங்கே ஆர்.சி. பெயர் மாற்றும்போதாவது பேட்டரி ஆரோக்கியச் சான்றை அரசு கேட்க வேண்டும். அதுவரை, பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.