இடது பக்கத்துப் பையன்

எங்கள் தெருவில் மாதம் ஒரு தடவை ஒரு குரல் வரும். "பழைய பட்டுப்புடவை, ஜரிகை இருக்குதாம்மா...!" சைக்கிளில் வந்துகொண்டிருந்த குரல் இப்போது டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருகிறது. ராகம் மட்டும் மாறவில்லை.

போன மாதம் என் மனைவி அவரைக் கூப்பிட்டுவிட்டாள். பீரோவின் அடித்தட்டில் பாட்டியின் கல்யாணப் புடவை இருந்தது. 1955-ல் காஞ்சிபுரத்தில் எடுத்தது. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. பாட்டி போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. மடித்த இடத்தில் இழை விட ஆரம்பித்திருந்தது.

வந்தவர் புடவையைப் பார்க்கவேயில்லை. ஜரிகையை உரசினார், எடை போட்டார். "ஒன்பதாயிரம்" என்றார்.

"என்ன பண்ணுவீங்க இதை?"

"எரிச்சுருவோம் சார்."

பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்கமுலாம் பூசியது. தங்கம் ஒரு சதவீதம்கூட இருக்காது. வெள்ளிதான் காசு. பாட்டியைக் கேட்காமல் பாட்டியைத் தகனம் பண்ணுகிற மாதிரி இருந்தது எனக்கு. "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் ஒன்பதாயிரம் ரூபாயும் தெரிந்தது.

என் ஆபீஸ் நண்பன் ஒருவன், பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் அழைத்துப் போனான். மனிதர் புடவையை விரித்ததும் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். "கோர்வை! பேட்னி! இந்த மாதிரி இப்ப யார் சார் பண்றா? பதினெட்டு தரேன்." ஒரே ஆட்டோ சவாரியில் விலை இரண்டு மடங்கு. பிறகு சொன்னார்: "நெய்தவர் யாருன்னு தெரிஞ்சா இன்னும் ஏத்தலாம். கலெக்டர்ஸ் அதான் கேக்கறா." (ஜில்லா கலெக்டர் இல்லை. சேகரிப்பவர்கள்.)

நியாயம்தான். இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் ஸ்ட்ராடிவாரி என்று ஒரு வயலின் ஆசாரி இருந்தார். 1737-ல் காலமானார். வயலினுக்குள் தன் பெயரெழுதி ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். இன்றைக்கு அந்த வயலின்கள் கோடிக்கணக்கில் விலை போகின்றன. நம் ஊர்ப் புடவையில் சீட்டு ஏது? காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஊருக்குப் பேர் பதிவாயிற்று, ஆளுக்கு இல்லை. 1936-ல் கலாக்ஷேத்ராவை ஆரம்பித்த ருக்மிணி தேவி அங்கே தறி போட்டு, பழைய காஞ்சிபுரக் கரைகளையும் டிசைன்களையும் திரும்ப நெய்யவைத்தார். அதைக் 'கலாக்ஷேத்ரா புடவை' என்கிறோம். தறியில் உட்கார்ந்தவர் பேர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அபூர்வமாக ஒருத்தர் பேர் தப்பியிருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய அந்த நீலத்தை உருவாக்கியவர் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார். ஆனால் அந்த நீலத்துக்கும் 'எம்.எஸ். ப்ளூ' என்றுதான் பேர்.

சரி, நம் புடவைக்கும் ஒரு முத்துச் செட்டியார் கிடைக்கமாட்டாரா என்ற பேராசையில், ஒரு சனிக்கிழமை மஞ்சள் பையில் புடவையோடு பஸ் ஏறிவிட்டேன்.

காந்தி ரோடு பட்டுக்கடைகளில் ஏ.ஸி. ஜில்லென்று இருந்தது, கலர் கொடுத்தார்கள். 1955 என்றதும் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும், "பிள்ளையார்பாளையம் போய்ப் பாருங்கண்ணே, பழைய ஆளுங்க இருப்பாங்க" என்றான்.

பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் இப்போதும் சில வீடுகளில் தறிச்சத்தம் கேட்கிறது. ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. விஷயத்தைச் சொன்னேன். புடவையை வாங்கியவர், முதல் காரியமாக அதைத் திருப்பிப் போட்டார். கடைக்காரர், வியாபாரி, நான், எல்லோரும் முகத்தைப் பார்த்தோம். அவர் முதுகைப் பார்த்தார்.

"கோர்வைதான் தம்பி. ரெண்டு பேர் வேலை."

எனக்கு அவர் விளக்கியதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் புடவையில் நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே ஓட்டமாக ஓடும். ஊடையின் நிறம் கரையிலும் கலந்துவிடும். கோர்வையில் அப்படிக் கிடையாது. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று. ஒவ்வொரு ஓட்டத்திலும் அரக்கு இழையும் பச்சை இழையும் எல்லையில் கைகோத்துக்கொள்ள வேண்டும். புடவை கிழிந்தாலும் அந்த இணைப்பு விடாது. உடலும் முந்தானையும் வேறு நிறமென்றால் பாவையே மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றாகப் புது இழையோடு கோத்து எடுப்பது. அதுதான் பேட்னி. முந்தானை ஆரம்பிக்கிற இடத்தில் விரலை வைத்தால் தடிப்பாகத் தட்டுப்படும்.

மூன்று நாடாவை ஒருத்தரால் வீச முடியாது. அதனால் குழித்தறியில் நெசவாளிக்கு இடது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தக் கரை நாடாவை மட்டும் வீசுவார்.

பெரியவர் இடது கரையின் இணைப்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "இங்க பாரு, தளர்வா இருக்கு. இங்கயும். இழுத்துப் பிடிக்கத் தெரியலை. பையன் புதுசு." ஒரு முழம், இரண்டு முழம் தள்ளிப் போனார். "இங்க கொஞ்சம் தேவலை. இங்கேர்ந்து பாரு, வலது கரை மாதிரியே விழுது. புடவை முடியறதுக்குள்ள கத்துக்கிட்டான்."

"பையன்னா எத்தனை வயசிருக்கும்?"

"ஏழு, எட்டு. நான் உக்காந்தப்ப எட்டு."

அவருடைய அப்பா தறிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தாராம். அது தீருகிறவரை பையன் அங்கே. தீரும்போது இன்னொரு முன்பணம். விடிவதற்குமுன் போய்க் குழியில் காலைத் தொங்கவிட்டால் இருட்டினபிறகுதான் எழுந்திருப்பது. தூங்கி விழுந்தால் நாடாவாலேயே மண்டையில் ஒன்று. தலைமுடியை விலக்கிக் காட்டினார். இரண்டாம் வகுப்புப் புத்தகம் ரொம்ப நாள் எரவாணத்தில் செருகியே இருந்ததாம்.

என் புத்தி எங்கே போகும்? "ஐயா, நீங்க எட்டு வயசுல உக்காந்ததும் 1955தானே? இது நீங்களாவே இருக்கலாமே?"

பெரியவர் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். "இந்த ஊர்ல அப்ப தறிக்கு ஒரு பையன். யார்னு சொல்றது?"

இது ஏதோ நேரு காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல். அதற்கப்புறமும் 2003-ல் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. நம்மில் சிலர் கல்யாணத்தில் பளபளத்த புடவைகள் அந்தக் காலத்தவை. என் கல்யாணமும் அப்போதுதான்.

"இப்ப கோர்வை நெய்ய ஆள் இல்லைன்னு வருத்தப்படறாங்களே?" என்றேன்.

"வர்றவங்கல்லாம் அதான் கேக்கறாங்க. இடது பக்கம் யார் உக்காருவா? நான் வீட்டுக்காரம்மாவை வெச்சு நெய்தேன். அவங்களுக்கு முதுகு போச்சு, தறியை எடுத்துட்டேன். பேரன் ஒரகடத்துல கார் கம்பெனில இருக்கான். ஷிப்டு எட்டு மணி நேரம்தான், பஸ் வந்து கூட்டிட்டுப் போகுது." எட்டு மணி நேரம்தான் என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

கோர்வை அழியக்கூடாது என்று நினைக்கிற ஆள்தான் நானும். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பெரியவர்களுக்குப் பெரியவர்கள் கூலி கொடுத்தால் இடது பக்கத்துக்கும் ஆள் வரும் என்று பஸ்ஸில் தோன்றியது. பேரம் பேசாமல் நான் புடவை வாங்கியதில்லை என்பதும் கூடவே தோன்றியது.

ராத்திரி வியாபாரி போன் பண்ணினார். "பேர் கிடைச்சுதா சார்?"

"பேர் கிடைக்கலை. நெய்தது ரெண்டு பேர். ஒருத்தனுக்கு எட்டு வயசு. இந்தப் புடவையிலதான் வேலை கத்துக்கிட்டிருக்கான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துருங்களேன். இருபத்திரண்டு வரைக்கும் போலாம்" என்றார்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "எந்த இடம்? காட்டுங்க" என்று கட்டிலில் புடவையைப் பரப்பினாள், முதுகுப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி. திண்ணையில் அவர் காட்டினபோது எனக்குப் பளிச்சென்று தெரிந்திருந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே இருவரும் இடது கரையை முழம் முழமாகத் தடவிப் பார்த்தோம். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பதினோரு மணிவரை தேடியும் பையன் கிடைக்கவில்லை.