கட்-ஆஃப் வேஸ்ட் ஆகுதாம்ல!

மே மாசம் வந்துட்டா நம்ம ஊர்ல ரெண்டு விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒண்ணு மாம்பழம், இன்னொண்ணு உயர்கல்வி வழிகாட்டி முகாம். ஏசி கல்யாண மண்டபம், வாசல்ல ஆளுயர பேனர், உள்ளே நுழைஞ்சதும் ஒரு பை, பேனா, பிஸ்கட் பாக்கெட். மேடையில கோட்டு போட்டவர் ஒருத்தர் நீங்க நினைச்சா வானத்தைத் தொடலாம்னு மூச்சுவிடாம பேசிக்கிட்டு இருப்பார் (அந்த வெயில்ல கோட்டு எப்படித்தான் போடறாங்களோ). சுத்தி இருபது ஸ்டால் இருக்கும், இருபதும் தனியார் கல்லூரி. ஐ.டி.ஐ.க்கு ஒரு மேசை உண்டா? அரசு கலைக் கல்லூரிக்கு? தேடிப் பாருங்க. கடை வெச்சிருக்கவங்க வியாபாரம் பண்ணட்டும், அதுல தப்பே இல்லை. அதுக்கு வழிகாட்டின்னு பேர் வைக்கிறதுதான் எரிச்சலா வருது.

அதைவிடப் பெரிய கூத்து, இதெல்லாம் நடக்கறது பிளஸ் டூ முடிச்சப்புறம். முக்கியமான முடிவு அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, பத்தாவது மார்க் ஷீட் கையில வந்த அந்த ஒரு வாரத்துல எடுத்தாச்சு. குரூப் எடுக்கறதுன்னு நாம சாதாரணமா சொல்றோமே, அதைத்தான் சொல்றேன். கணக்கை விட்டா பி.இ. கதவும் பி.ஆர்க். கதவும் அநேகமா சாத்தியாச்சு. பயாலஜியை விட்டா நீட் பக்கம் போறது பெரும்பாடு. ஆனா சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கும் ஐந்து வருட சட்டப் படிப்புக்கும் எந்த குரூப்பா இருந்தாலும் சரி. இந்த நாலு வரியை ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகிட்ட யாராவது உக்காந்து சொல்றோமா? 2022 மார்ச்சில் அரசு ‘நான் முதல்வன்’ திட்டம் கொண்டுவந்தது, அதையொட்டி ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் நடந்தது. நல்ல காரியம், கை தட்டுறேன். ஆனா கல்லூரிக் கனவுங்கிற பேரிலேயே தெரியுதே, அது வாசல் வரைக்கும் வந்துட்ட பிள்ளைகளுக்கானது. பதினஞ்சு வயசுல எந்தத் தெருவுக்குள்ள திரும்பறதுன்னு நிக்கிறவனுக்கு யார் இருக்கா?

பாலிடெக்னிக்கை எடுத்துக்கங்க. பத்தாவது முடிச்சு மூணு வருஷம் டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில நேரா பி.இ. ரெண்டாம் வருஷம், இன்னும் மூணு வருஷம். இந்தப் பக்கம் பிளஸ் டூ ரெண்டு வருஷம், பி.இ. நாலு வருஷம். கூட்டிப் பாருங்க, ரெண்டும் ஆறுதான். நடுவுல வீட்டுல பணமுடை வந்து படிப்பு நின்னா, முதல் பையன் கையில ஒரு டிப்ளமோ இருக்கும், ரெண்டாவது பையன் கையில அரியர் லிஸ்ட்தான் இருக்கும். இருந்தும் பாலிடெக்னிக்னு வாயைத் திறந்தாலே, ‘ஏன், பையன் மார்க் கம்மியா?’ங்கிறாங்க.

சரி, கட்-ஆஃப் கதைக்கு வரேன். கணக்குல 100, இயற்பியல்ல 50, வேதியியல்ல 50, மொத்தம் 200. இது வரிசையில யார் முன்னாடி நிக்கறதுன்னு பார்க்கிற கணக்கு, அவ்வளவுதான். நம்ம ஆளுங்க இதை கையில இருக்கிற ரூபா நோட்டு மாதிரி நினைச்சுக்கிட்டாங்க. ‘195 வெச்சுக்கிட்டு சிவிலா? கட்-ஆஃப் வேஸ்ட் ஆகுதே!’ எங்க தெருவுலயே இந்த வசனத்தை நாலு வீட்டுல கேட்டிருக்கேன். 200 ரூபா கொண்டு போனோம்னு 200 ரூபாய்க்கும் வாங்கியே தீரணுமா என்ன? பிடிக்காத துணியை, விலை ஜாஸ்திங்கிற ஒரே காரணத்துக்காக தீபாவளிக்கு எடுப்பீங்களா?

எந்த வேலைக்கு மவுசுன்னு பார்த்து படிப்பு எடுக்கறதும் இதே ஜாதிதான். 1998ல அடிச்சுப் பிடிச்சு கம்ப்யூட்டர் சேர்ந்தவன் வெளியே வந்தது 2002ல. டாட்காம் கவுந்து எல்லாரும் ரெஸ்யூமே பிரிண்ட் எடுத்துக்கிட்டு அலைஞ்ச நேரம். 2005ல சேர்ந்தவன் 2009ல வந்து மாட்டினான். சேரும்போது இருக்கிற சந்தை வேற, நாலு வருஷம் கழிச்சு இருக்கிற சந்தை வேற. இப்ப பி.டெக். செயற்கை நுண்ணறிவுன்னு ஓடறாங்க. ஓடட்டும். ஓடறதுக்கு முன்னாடி அந்தப் பாடத்திட்டத்தையும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எத்தனை பேப்பர் பொதுன்னு பென்சில்ல டிக் அடிச்சுப் பாத்தீங்களா? அண்ணா பல்கலைக்கழகத்தோடது பொதுவுலதான் கிடக்கு.

பேனர்ல போடற பேக்கேஜ் இன்னொரு மாயம். ஒரு பையனுக்குக் கிடைச்ச பெரிய தொகையை யானை சைஸுல போடுவாங்க. ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’னு இருந்தா, எத்தனை பேர்ல நூறுன்னு கேளுங்க. அரியர் இருக்கிறவன், பேர் குடுக்காதவன் எல்லாரையும் முதல்லயே கழிச்சுட்டா மிச்சம் இருக்கிறதுல நூறு வராம என்ன செய்யும்? இதுக்கு மருந்து இருக்கு. 2016லேர்ந்து மத்திய அரசு போடற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள் தர்ற விவரம் வெளிப்படையா இருக்கு. எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் நேரத்துக்கு முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, நடுநிலைச் சம்பளம் எவ்வளவு, எல்லாமே. நடுநிலைன்னா வேலை கிடைச்சவங்களை சம்பள வரிசையில நிக்க வெச்சு சரியா நடுவுல நிக்கிறவனோட சம்பளம். கல்லூரியே எழுதிக் கொடுத்த கணக்குதான், வேதவாக்குன்னு சொல்லலை. இருந்தாலும் பேனரைவிட ஆயிரம் மடங்கு தேவலை. ரெண்டு கல்லூரியோட அந்தப் பக்கத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு அரை மணி நேரம் ஆச்சு. நானே பக்கத்துல உக்காந்து பார்த்தேன்.

இந்தப் பக்கம் இவங்கன்னா, அந்தப் பக்கம் ‘மனசுக்குப் பிடிச்சதைச் செய்’ கோஷ்டி. பிடிச்சதைச் செய்னா, பிடிக்கறதுக்கு முதல்ல கண்ணுல படணுமே! மத்திய அரசின் 2015 தொழில் வகைப்பாட்டுல ஏறக்குறைய 3,600 வேலைகள் இருக்கு. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சனிக்கிழமை பசங்களோட உக்காருவேன். தெரிஞ்ச வேலை எல்லாம் போர்டுல எழுதுங்கன்னா டாக்டர், இன்ஜினியர், கலெக்டர், போலீஸ், டீச்சர்னு போய் பன்னிரண்டு பதிமூணுல மூச்சு வாங்குது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், சின்ன வயசுலேர்ந்தே கப்பல் கனவு. பிளஸ் டூல நல்ல மார்க். ஏஜென்ட் ஒருத்தர் அட்வான்ஸும் வாங்கிட்டார். கடைசியில மெடிக்கல்ல நிறக்குருடுன்னு சொல்லி டெக் ஆபீசர் படிப்புக்கு ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கண் டாக்டர்கிட்ட புள்ளி புள்ளியா இருக்கிற ஒரு புத்தகம் இருக்கும், பத்து நிமிஷ வேலை. ஒன்பதாவதுலயே பார்த்திருக்கலாம். ரெண்டு வருஷக் கனவும், அந்த அம்மா அடகு வெச்ச வளையலும் மிச்சமாயிருக்கும். ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தரலைன்னு தனியா சொல்லணுமா?

அதனால பசங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணுதான். ஒரு வேலையைப் பத்தித் தெரியணுமா, அதுல சேர்ந்து மூணு வருஷம் ஆனவரைக் கேளு, இருபது வருஷம் ஆனவரைக் கேளு, முக்கியமா அதை விட்டுட்டு ஓடி வந்தவரைக் கேளு. ஒரு பொண்ணு நர்சிங்குக்கு இப்படிக் கேட்டுட்டு வந்தா. சின்னவங்க நைட் டூட்டி பத்திச் சொல்லியிருக்காங்க. பெரியவங்க, முதல் மரணத்தைப் பார்த்தப்புறம் ஒரு வாரம் சோறு இறங்கலைன்னிருக்காங்க. விட்டவங்க முதுகுவலியையும் புருஷனோட டிரான்ஸ்ஃபரையும் சொல்லியிருக்காங்க. நாலு வருஷ பி.எஸ்சி.யா, மூணு வருஷ டிப்ளமோவான்னு செலவுக் கணக்கும் போட்டா. எல்லாம் கேட்டுட்டும் நர்சிங்தான் வேணும்னு நிக்கிறா. இவ நிப்பான்னு எனக்குத் தோணுது.

இப்ப உங்ககிட்ட வரேன், வலைப்பூ மக்கா. நம்ம கூட்டத்துல பேங்க்ல இருக்கிறவங்க, லேப்ல இருக்கிறவங்க, மண் பரிசோதனை பண்றவங்க, கோர்ட்டுல கறுப்புக் கோட்டு மாட்டினவங்க எல்லாரும் உண்டு. சினிமா விமர்சனம் எழுதறோம், சாம்பார் ரெசிபி எழுதறோம், சம்பளம் வாங்கற வேலையைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடறதில்லை. ‘என் வேலையில் ஒரு செவ்வாய்க்கிழமை’ன்னு தொடர்பதிவு ஒண்ணு ஆரம்பிக்கிறேன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரை என்ன செஞ்சீங்க, அலுப்பு எது, சேர யாரை விடமாட்டாங்க, முதல் மூணு வருஷம் கையில என்ன வந்துது, எழுதுங்க. நிறுவனப் பேர் வேண்டாம். அஞ்சு பேரைக் கோர்த்து விடுங்க. வர்ற சனிக்கிழமை பிரிண்ட் எடுத்துக்கிட்டுப் போறேன்.

டிஸ்கி: கோட்டு போட்டவங்க பின்னூட்டத்துல சண்டைக்கு வரலாம். பை, பேனா கொண்டு வரவும் :-)